மூன்று மூன்றாகப் பதிந்த எல்லம்மா

ஸ்வீட்லினுக்கு அன்று மாலை நாலு மணிக்கு ஒரு நாற்காலி வேண்டியிருந்தது. கல்யாண மண்டபத்து நாற்காலி இல்லை. டயாலிசிஸ் இயந்திரத்துக்குப் பக்கத்தில் போட்டிருக்கும் சாய்வு நாற்காலி. முப்பத்து நாலு வயதில் இரண்டு சிறுநீரகமும் கைவிட்டுவிட்ட பெண் அவள். வாரத்துக்கு இரண்டு முறை இயந்திரத்தில் ரத்தம் சுத்தமாக வேண்டும். கடைசியாகச் சுத்தமாகி அன்றோடு ஆறு நாள்.

இதைச் சொன்னவன் அவள் கணவன் அமல்ராஜ். அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிறவன். புதன்கிழமை காலை ஒன்பதே முக்காலுக்கு எங்கள் அலுவலகத்துக்கு வந்து, உட்காரச் சொல்லியும் உட்காராமல் நின்றுகொண்டே சொன்னான்.

அலுவலகம் என்றால் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். அம்பத்தூர் ஓ.டி.யில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஒற்றை அறை. தலைவர் லோகநாயகி அக்கா, வயது ஐம்பது. இருபத்திரண்டு வருஷம் ஒரு தொழிற்சாலையில் சரக்கு சோதனைப் பிரிவில் இருந்து, கோணல் போல்ட்டைக் கண்ணாலேயே பொறுக்கிப் போட்டவர். கோணல் மாப்பிள்ளைகளைப் பொறுக்குவது அதைவிடச் சுலபம் என்று தெரிந்ததும் வேலையை விட்டுவிட்டுத் துப்பறிய வந்துவிட்டார். எங்கள் வழக்குகளில் பத்துக்கு எட்டு கல்யாண விசாரணைதான். நான் ரூபஸ், உதவியாளன். வண்டி ஓட்டுவதும் வாயடிப்பதும் என் பொறுப்பு. இரண்டாவதை யாரும் என்னிடம் கேட்டதில்லை.

அமல்ராஜின் தங்கைக்குப் பார்த்த மாப்பிள்ளையை நாங்கள்தான் விசாரித்துக் கொடுத்தோம். அந்த நம்பிக்கையில் வந்திருந்தான்.

ஆவடிப் பக்கம் ஒரு அறக்கட்டளை இலவச டயாலிசிஸ் மையம் நடத்துகிறது. எட்டு இயந்திரம், ஒரு நாளைக்கு மூன்று ஷிப்ட். முன்பெல்லாம் நோட்டில் பெயர் எழுதுவார்கள். இரண்டு மாதமாக எல்லாம் வெப்சைட்டில். போனில் திறந்து, நாளும் நேரமும் பார்த்து, பட்டனை அழுத்த வேண்டும். பத்துப் பன்னிரண்டு நாளாக எப்போது திறந்தாலும் ‘இடம் இல்லை’ என்றே வருகிறது. ஆனால் நேரில் போய்ப் பார்த்தால் நாலைந்து நாற்காலி சும்மா கிடக்கிறது. கேட்டால், பதிந்த நோயாளி வரவில்லை என்கிறார்கள். அந்த நோயாளியின் பெயர் எல்லம்மா. தினமும் அதே எல்லம்மா. அவளை இதுவரை ஒருவரும் கண்ணால் பார்த்ததில்லை.

“எவனோ புரோக்கரு வேலக்கா இது” என்றான் அமல்ராஜ். “கள்ளப் பேர்ல புடிச்சி வச்சிகினு வெளிய விக்கிறான். ஆளு யாருன்னு மட்டும் கண்டுபுடிச்சிக் குடுங்க. கால்ல உழுந்தாவது இன்னிக்கி ஒரு எடம் வாங்கிக்கிறேன்.”

கண்டுபிடித்தால் உதைப்பேன் என்று சொல்லியிருந்தால் எனக்கு ஒன்றும் ஆகியிருக்காது. காலில் விழுகிறேன் என்றதும் எழுந்து நின்றுவிட்டேன். வேறு ஆஸ்பத்திரி பார்த்தாயா என்று கேட்டேன். போன வியாழக்கிழமை சிட்டிக்குள் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் அவசரத்துக்கு ஒருமுறை போட்டார்களாம். இப்போது அங்கேயும் கூட்டம். மூச்சுக்கு ஆக்சிஜன் வைக்கலாம், இயந்திரம் வெள்ளிக்கிழமைதான் என்கிறார்கள். நேற்றிலிருந்து அவளால் படுக்க முடியவில்லை, உட்கார்ந்தபடியே கண் அசருகிறாள். வெள்ளி வரைக்கும் தாங்காது என்று டாக்டர் அவனைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்.

லோகநாயகி அக்கா கைப்பையை எடுத்தார். நான் வண்டிச் சாவியை எடுத்தேன்.

மையத்தின் வராந்தா பெஞ்சில் ஸ்வீட்லின் உட்கார்ந்திருந்தாள். முகம் ஊதியிருந்தது, கால் செருப்புக்குள் நுழையவில்லை. இடது முழங்கைக்குக் கீழே நரம்பு கயிறு போலப் புடைத்திருந்தது. டயாலிசிஸுக்காக ஆபரேஷன் செய்து, ஊசி போட்டுப் போட்டு அப்படி ஆகும், அந்தக் கையால் ஒரு சொம்பு தண்ணீர்கூடத் தூக்கக் கூடாது என்று அமல்ராஜ் சொன்னான். அக்கா அந்தக் கையையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

நீங்கள் நிஜமாகவே டிடெக்டிவா என்று அவள் என்னைக் கேட்டாள். அக்காதான் டிடெக்டிவ், நான் டிடெக்டிவின் டிரைவர் என்றேன். சிரிக்கப் பார்த்தாள், மூச்சு இடம் கொடுக்கவில்லை.

“அந்த எல்லம்மாவக் கண்டா திட்டாதீங்கண்ணா” என்றாள். “அவங்களுக்கும் என்ன மாதிரிதான இருக்கும். வர முடியாம எங்க கெடக்கறாங்களோ.”

அக்கா என்னைக் கையசைத்துக் கூப்பிட்டார்.

உள்ளே தலைமை நர்ஸ் ஞானசௌந்தரி கம்ப்யூட்டரில் ஒற்றை விரலால் தட்டிக்கொண்டிருந்தார். காலையில் லிஃப்ட் நின்றுவிட்டதாம். ‘லிஃப்ட் பழுது, சக்கர நாற்காலியில் வருவோர் பின்வாசல் வழியாக வரவும்’ என்று வெப்சைட்டின் தலைப்பில் அறிவிப்பு ஏற்றிக்கொண்டிருந்தார். அதை முடித்துவிட்டு எங்கள் பக்கம் திரும்பியவர் பதினைந்து நிமிஷம் குமுறினார். எல்லம்மாவின் நம்பருக்குப் போன் போட்டால் எடுப்பதே இல்லை. பதிவை அழிக்க மையத்துக்கு அதிகாரம் இல்லை, வெப்சைட்டை உண்டாக்கிய கம்பெனிதான் அழிக்க முடியும். அவர்களுக்கு எழுதினால் ‘சரி செய்துகொண்டிருக்கிறோம்’ என்ற ஒரே பதில். விதிப்படி பதிந்தவருக்காக ஒரு மணி நேரம் நாற்காலியைக் காலியாக வைக்க வேண்டும். அதற்குப்பின் வேறு ஆளை உட்கார வைத்தால் நாலு மணி நேர சிகிச்சை அடுத்த ஷிப்ட்டில் போய் இடிக்கும், கடைசி ஷிப்ட் என்றால் மையம் மூடும் நேரத்தைத் தாண்டிவிடும்.

“இன்னொண்ணு கேளுங்க. நான் புகார் எழுதற அன்னிக்கிதான் அந்தப் பேரு அதிகமா வருது” என்றார் ஞானசௌந்தரி. “பழி வாங்கறான் மேடம் எவனோ.”

வெளியில் கொடுக்கக் கூடாது என்று சொல்லிக்கொண்டே எல்லம்மாவின் பதிவுகளை அச்சடித்துக் கொடுத்தார். பெயர், வயது, திருவேற்காடு விலாசம், எந்த நாள் எத்தனை மணிக்குப் பதிந்தது என்கிற விவரம் எல்லாம் இருந்தது. பன்னிரண்டு நாளில் அறுபத்து மூன்று பதிவு. அக்கா அதை ஜன்னலோரம் எடுத்துப் போய், சிவப்பு பேனாவால் டிக் அடித்துக்கொண்டே வந்தார். போல்ட் பொறுக்கிய காலத்துப் பழக்கம். பேனா ஓரிடத்தில் நின்றது.

“ரூபஸு, இந்தம்மா ஒண்ணு ஒண்ணா பதியல. மூணு மூணா பதியிது. பாரு. பத்து அஞ்சி, பத்து ஒம்போது, பத்து பதிமூணு. அத்தோட நிறுத்திக்கிது. திரும்பப் பதினொண்ணரைக்கி மூணு.”

“ராசியான நம்பரா இருக்கும்க்கா.”

“மத்தியானம் ஒண்ணுலேர்ந்து ரெண்டு வரிக்கும் ஒண்ணுகூட கெடையாது. ஞாயித்துக்கெழம கெடையாது. ஆயுத பூஜைக்கிக் கெடையாது, அதுக்கு மறுநாளும் கெடையாது. கிட்னி போனவளுக்கு ஆயுத பூஜ லீவு எவன் குடுத்தான்? புரோக்கரா இருந்தா லீவு நாள்லதான் ஜாஸ்தி புடிப்பான். இது ஆபீஸ் வேல. எவனோ மத்தியானம் சோத்துக்கு எழுந்து போறவன் பண்றான்.”

மணி பதினொன்றே கால். நாலு மணி ஷிப்ட்டிலும் எல்லம்மாவுக்கு மூன்று நாற்காலி பதிவாகியிருந்தது.

திருவேற்காட்டில் அந்த விலாசத்தைத் தேடிப் பிடிக்க ஒரு மணி நேரம் ஆகிவிட்டது. புது வீடுகளுக்கு நடுவில் பழைய ஓட்டு வீடு. தெருமுனையில் தண்ணீர் லாரி நின்றது. வரிசையில் இருந்த பெண்ணிடம் எல்லம்மா வீடு எது என்று கேட்டேன். நான்தான் எல்லம்மா, தள்ளு என்று சொல்லிவிட்டு, தலையில் ஒரு குடம், இடுப்பில் ஒரு குடம் என்று என்னைத் தாண்டிப் போனாள். முன்கை இரண்டும் வழவழவென்று இருந்தன. ஊசி குத்திய அடையாளம் மருந்துக்கும் இல்லை.

கொஞ்சம் மரியாதை இல்லாமல்தான் நான் விஷயத்தைச் சொன்னேன். ஒரு பெண் மூச்சு விட முடியாமல் கிடக்கிறாள், நீ டயாலிசிஸ் நாற்காலியை அறுபது தடவை பிடித்து வைத்திருக்கிறாய் என்றேன். எல்லம்மா குடத்தை இறக்கி வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

“இன்னா பேசற நீ? எனக்கு இன்னா நோவு? ஒரு தலவலி மாத்திர தின்னவ இல்ல நானு. எவன் எம் பேர ஆஸ்பத்திரி லிஸ்டுல எழுதினது?”

கோபத்தில் பாதி பயம் இருந்தது. நோயாளி பட்டியலில் பேர் ஏறினால் ஆயுசுக்கு ஆகாது என்று முணுமுணுத்துக்கொண்டே முந்தானையில் முகத்தைத் துடைத்தாள். நடிப்பு இல்லை என்று எனக்கே தெரிந்தது. புரோக்கர் கதை அந்த இடத்தில் படுத்துவிட்டது. நாலு மணிக்கு இன்னும் மூன்று மணி நேரம்கூட இல்லை, எங்கள் கையில் பிடிமானம் ஒன்றும் இல்லை. ஸ்வீட்லின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தது கண்ணுக்குள்ளேயே நின்றது.

அக்கா மட்டும் நிதானமாக, உன் போனைக் கொடு என்றார். பட்டன் போன். தெரியாத நம்பரை எடுக்காதே, பேங்க் மோசடிக்காரன் பேசுவான் என்று மகள் சொல்லியிருப்பதால் எடுப்பதில்லையாம். மெசேஜ் பெட்டியைத் திறந்தால் மையத்திலிருந்து வந்த செய்திகள் வரிசையாக நின்றன, மூன்று மூன்றாக. எல்லம்மாவுக்கு இங்கிலீஷ் படிக்க வராது. ஏதோ விளம்பரம் என்று விட்டிருக்கிறாள்.

“பொண்ணு எங்க வேல பாக்குதுமா?” என்றார் அக்கா.

“தேவிப்பிரியாவா? அம்பத்தூர் எஸ்டேட்ல கம்ப்யூட்டர் கம்பெனி. எதுனா செஞ்சா அது சரியா கீதான்னு சோதிக்கிற வேலயாம்” என்றாள் எல்லம்மா.

அக்கா போனைத் திருப்பிக் கொடுத்தார். வண்டியில் ஏறியதும் என் தோளில் தட்டி, வேகமாகப் போ என்றார். வழக்கமாக மெதுவாகப் போ என்கிறவர் அவர்.

எஸ்டேட்டில் ஒரு பழைய ஸ்பிரிங் தொழிற்சாலையின் மாடியில் இருந்தது அந்தக் கம்பெனி. மொத்தம் பன்னிரண்டு பேர். சுவரில் பெரிதாக ஒரு பல்பு சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது. அதன் கீழே உட்கார்ந்திருந்த தேவிப்பிரியாவுக்கு இருபத்தாறு வயது இருக்கும், கண் இரண்டும் பல்பின் நிறத்தில் இருந்தன. மணி இரண்டே முக்கால். அக்கா ஒரு முன்னுரையும் இல்லாமல் அச்சடித்த பட்டியலை அவள் மேசையில் வைத்தார்.

“இது என் டெஸ்ட் டேட்டாவாச்சே” என்றாள் தேவிப்பிரியா. “இது எப்படி உங்க கைல?”

அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டோம். அழுதுவிடுகிறவள் போலத்தான் விளக்கினாள். டயாலிசிஸ் மையத்தின் வெப்சைட் இவர்கள் செய்தது. முன்பெல்லாம் ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் அவளே உட்கார்ந்து, பிரவுசரைத் திறந்து, பெயர் நிரப்பி, பட்டனை அழுத்திச் சரிபார்ப்பாள். ஒரு நாள் முழுக்க ஆகும். இரண்டு மாதம் முன்னால் அந்த வேலையை ஒரு கம்ப்யூட்டருக்குக் கற்றுக்கொடுத்தாள். கம்பெனியில் யார் வெப்சைட்டின் நிரலில், அதாவது புரோகிராமில், ஒரு வரி மாற்றிச் சேர்த்தாலும் அந்தக் கம்ப்யூட்டர் தானாக எழுந்துகொள்ளும். எல்லா நிரலையும் சேர்த்து ஒரே வெப்சைட்டாகக் கட்டும். பிறகு பிரவுசரைத் திறந்து, ஒரு நோயாளி செய்வதுபோலவே ஒரு நாற்காலியைப் பதியும், பதிவானதைப் பார்க்கும், கடைசியில் ரத்து செய்துவிடும். எல்லாம் சரியாக நடந்தால் பல்பு பச்சை. எங்காவது தடுக்கினால் இன்னும் இரண்டு தடவை முயன்று பார்க்கும். மூன்றும் தோற்றால் சிவப்பு. சிவப்பாக இருக்கும்வரை புது மாற்றம் எதையும் வெளியிடக் கூடாது என்பது கம்பெனி விதி. சோதனைக்கு ஒரு நோயாளிப் பெயர் வேண்டியிருந்தது, கைக்கு வந்த அம்மா பெயரையும் விலாசத்தையும் நம்பரையும் போட்டுவிட்டாள்.

மூன்று மூன்றுக்கு அதுதான் காரணம். மத்தியானமும் ஆயுத பூஜைக்கும் யாரும் நிரல் சேர்க்கவில்லை, ஆகவே எல்லம்மாவும் பதியவில்லை.

“ஆனா இது நிஜ சைட் இல்லைங்க” என்று ஒரு குரல் வந்தது. தினேஷ், அவர்களுடைய டீம் தலைவன். “டெஸ்ட்டுக்குன்னு தனியா ஒரு டம்மி சைட் வச்சிருக்கோம். அதுலதான் ஓடும். மையத்துல வர்ற பிரச்சினை வேற. அதைத்தான் பத்து நாளா தேடறோம். இவளோட டெஸ்ட் என்ன செஞ்சாலும் சிவப்பாவே நிக்குது, ஒரு திருத்தத்தையும் வெளியிட முடியல. சாயங்காலத்துக்குள்ள பச்சை வரலன்னா இதைத் தூக்கிக் கடாசப் போறேன்.”

அப்படியானால் மையத்தின் பட்டியலில் எல்லம்மா எப்படி வந்தாள் என்று கேட்டேன். யாரோ அந்தப் பெயரை எங்கிருந்தோ எடுத்திருப்பார்கள் என்றான். மையம் அனுப்பிய புகாரில் பெயரைப் பார்க்கவில்லையா என்றதற்கு, ரகசியம் காக்கும் விதிப்படி புகாரில் நோயாளி எண் மட்டும்தான் இருக்கும் என்றான். அவன் பொய் சொல்கிறவனாகத் தெரியவில்லை. அதுதான் எரிச்சலாக இருந்தது. பொய் சொல்கிறவனை அக்கா பத்து நிமிஷத்தில் மடக்கிவிடுவார், நம்பிக்கொண்டே தப்பு செய்கிறவனை என்ன செய்வது?

அமல்ராஜ் போன் பண்ணினான். ஸ்வீட்லினுக்கு உதடு நீலம் பூத்திருக்கிறது என்று மட்டும் சொன்னான். மணி மூன்று பத்து.

அக்கா தேவிப்பிரியாவிடம் திரும்பி, உன் கம்ப்யூட்டர் தோற்றுப்போகும்போது ஏதாவது தடயம் விட்டுவிட்டுப் போகுமா என்று கேட்டார். போகும், தோற்ற நிமிஷத்தில் திரையில் என்ன இருந்ததோ அதைப் படம் பிடித்து வைக்கும் என்றாள் அவள். கடைசிப் படத்தைத் திறந்து காட்டினாள். அன்று காலை பதினொன்று நாற்பதுக்குப் பிடித்தது. எல்லம்மா பெயர், பதிவாகிவிட்டது என்ற வரி. ரத்து பட்டன் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது.

பட்டன் காணவில்லை, அதனால்தான் சோதனை தோற்கிறது என்று தினேஷ் சுட்டிக் காட்டினான். பன்னிரண்டு நாள் முன்னால் வெளியிட்டபோது பட்டனை வேறு பக்கத்துக்கு மாற்றினார்களாம். பிறகு தப்பு என்று தெரிந்து பழைய இடத்திலேயே வைத்துவிட்டார்களாம். வைத்தும் சோதனைக்கு அது தென்படவில்லையாம்.

அக்கா பட்டனைப் பார்க்கவில்லை. படத்தின் தலைப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“தம்பி, ஒங்க டம்மி சைட்டுக்கு லிஃப்ட் கீதா?”

தினேஷ் குனிந்து படித்தான். ‘லிஃப்ட் பழுது, சக்கர நாற்காலியில் வருவோர் பின்வாசல் வழியாக வரவும்.’

“இன்னிக்கி காலைல அந்த நர்சம்மா எங்க கண்ணு முன்னால ஒத்த வெரலால அடிச்ச சேதி இது” என்றார் அக்கா. “ஒங்க பொம்ம சைட்டுக்கு இத யாரு வந்து எழுதினது?”

தினேஷ் தன் கம்ப்யூட்டருக்கு ஓடிப் போய் ஏதோ ஒரு கோப்பைத் திறந்தான். சோதனை எந்த விலாசத்துக்குப் போக வேண்டும் என்று எழுதி வைத்திருக்கும் கோப்பு அது. அதில் நிஜ மையத்தின் விலாசம் இருந்தது. மாற்றியவன் பெயரும் இருந்தது. தினேஷ்.

ஒரு மாதம் முன்னால் அறக்கட்டளைக்காரர்கள் கம்பெனியைப் பார்க்க வந்தார்கள். அன்று பார்த்து டம்மி சைட்டில் காலி நாற்காலியே இல்லை, தேதி கடந்துபோயிருந்தது, புதிதாக யாரும் நிரப்பவில்லை. வந்தவர்கள் முன்னால் சிவப்பு எரிந்தால் அசிங்கம். ஒரு மணி நேரத்துக்கு மட்டும் என்று நிஜ சைட்டுக்குத் திருப்பிவிட்டான். பச்சை எரிந்தது, வந்தவர்கள் கை தட்டினார்கள். திரும்ப மாற்ற மறந்துவிட்டான். அப்போது கெடுதல் ஒன்றும் தெரியவில்லை, பதிந்த கையோடு ரத்தும் ஆகிக்கொண்டிருந்ததால். பட்டன் இடம் மாறிய நாளிலிருந்து ரத்து ஆகவில்லை. திருத்திய பட்டன் வெளியே போகப் பச்சை வேண்டும், பச்சை வர அந்தப் பட்டன் வெளியே போயிருக்க வேண்டும். இந்த முடிச்சு தெரியாமல், ஞானசௌந்தரி புகார் எழுதும்போதெல்லாம் இவர்கள் பதறியடித்து ஒரு திருத்தம் சேர்த்தார்கள். ஒவ்வொரு திருத்தமும் மூன்று பேருடைய நாற்காலியைப் பிடுங்கிக்கொண்டது.

தேவிப்பிரியா வாயைப் பொத்திக்கொண்டாள். தப்பை முழுக்க தினேஷ் தலையில் கட்டவும் அக்கா விடவில்லை, அவளிடம் திரும்பினார்.

“போல்ட்ட சோதிக்கச் சொல்லோ ஒடச்சிப் பாத்ததத் தனியா தூக்கிப் போட்டுடுவோம். சோதன பாதில நின்னாலும் மொதல்ல அதத்தான் செய்வோம். நீ ரத்து பண்றதக் கடைசில செஞ்சிக்கலாம்னு வச்ச. கடைசி வரவே இல்ல” என்றார். திட்டுகிற குரல் இல்லை. “அழுவறத அப்புறம் வச்சிக்கோ. நாலு மணிச் சீட்டுல ஒண்ண ரத்து பண்ணு.”

மூன்று இருபத்தெட்டு. தேவிப்பிரியா நிர்வாகி கணக்கில் நுழைந்தாள். நான் அமல்ராஜைப் போனில் பிடித்து, சொன்னதும் பட்டனை அழுத்து என்றேன். அவள் ஒரு எல்லம்மாவை ரத்து செய்தாள். அழுத்துடா என்று நான் கத்தினேன்.

“இடம் இல்லன்னுதாண்ணா வருது” என்றான் அமல்ராஜ்.

தேவிப்பிரியாவின் திரையில் நாலு மணி ஷிப்ட்டில் மறுபடியும் மூன்று எல்லம்மா. சுவரைப் பார்த்தேன். பல்பு மஞ்சளாகியிருந்தது. மூலையில் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த அசோக் என்கிறவன், நடந்தது எதுவும் தெரியாமல், அன்றைக்கு அவன் பங்குத் திருத்தத்தைச் சேர்த்துவிட்டிருந்தான். சோதனைக் கம்ப்யூட்டர் எழுந்து ஓட ஆரம்பித்துவிட்டது. நாங்கள் நாற்காலியை விடுவிக்கக் காத்திருந்ததுபோல அதைப் பிடுங்கிக்கொண்டது. இன்னும் இரண்டு முயற்சி பாக்கி.

நிறுத்து என்று அக்கா சொன்னார். தினேஷ் கடவுச்சொல்லை இரண்டு முறை தப்பாக அடித்தான். ஐந்து நிமிஷம் கொடுங்கள் என்றான். எந்த மெஷின் அது என்று அக்கா கேட்டார். தேவிப்பிரியா மேசைக்கு அடியில் கையைக் காட்டினாள். ஒரு பழைய கம்ப்யூட்டர், ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் காய்ந்துபோய், மேலே ‘அணைக்காதீர்’ என்று காகிதம் ஒட்டியிருந்தது. அக்கா முழங்காலிட்டு உள்ளே கையை விட்டார். ஐயோ, பாதியில் இழுத்தால் எல்லாம் போய்விடும் என்று தினேஷ் பதறினான்.

“இது திரும்பப் போட்டா எழுந்துக்கும் தம்பி. அந்தப் பொண்ணு எழுந்துக்காது” என்று சொல்லிக்கொண்டே பிளக்கைப் பிடுங்கினார்.

பல்பு அணைந்தது. தேவிப்பிரியா மறுபடி ரத்து செய்தாள். நான் மறுபடி கத்தினேன். போனில் கொஞ்ச நேரம் வராந்தாச் சத்தம் மட்டும் கேட்டது.

“வந்திடுச்சி” என்றான் அமல்ராஜ். “அவ பேரு வந்திடுச்சிண்ணா.” ஆள் மாறி ஞானசௌந்தரி பேசினார். மீதி இரண்டு நாற்காலியையும் விடுவிக்கச் சொன்னார், பெஞ்சில் இன்னும் இரண்டு பேர் இருக்கிறார்களாம். மணி மூன்று முப்பத்தாறு.

நாலே காலுக்கு மறுபடி போன் வந்தது. ஸ்வீட்லின் இயந்திரத்தில் இருக்கிறாள், ஆக்சிஜன் வைத்திருக்கிறார்கள், டாக்டர் பக்கத்திலேயே நிற்கிறார், மூச்சு கொஞ்சம் இறங்கியிருக்கிறது. முழுசாகச் சொல்ல ராத்திரி ஆகும், ஆனால் நேரத்துக்கு வந்துவிட்டாள் என்றார் ஞானசௌந்தரி. நான் மாடிப்படியில் போய் உட்கார்ந்துகொண்டேன். சிரிக்க வேண்டும் போலவும் எவனையாவது அறைய வேண்டும் போலவும் இருந்தது.

திரும்பி உள்ளே வந்தபோது அக்கா கிளம்புகிற முகத்தில் இல்லை. எல்லம்மா பேரில் நாளைக்கு ஒன்பது, வெள்ளிக்கு ஆறு என்று இன்னும் பதினைந்து நாற்காலி இருந்தன. அவற்றை விடுவித்தால் மட்டும் போதாது, இடம் இல்லை என்று திருப்பி அனுப்பப்பட்டவர்களுக்குத் தெரிய வேண்டுமே என்றார். அப்படித் திரும்பிப் போனவர்களின் பெயரும் நம்பரும் கம்ப்யூட்டரில் சேர்ந்திருக்கும் என்று தேவிப்பிரியா சொன்னாள். மொத்தம் இருபத்தொரு பேர். நானே கூப்பிடுகிறேன் என்றாள். தினேஷ் வேண்டாம் என்று சொல்லப் பார்த்தான், அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

முதல் ஆறு பேரும் கிடைத்தார்கள். ஒருவர் அழுதார், ஒரு பெண் நாலு நிமிஷம் திட்டினாள், தேவிப்பிரியா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நேரத்தைக் குறித்தாள். ஏழாவது பெயர் பரந்தாமன், ஐயப்பன்தாங்கல், வயது ஐம்பத்தெட்டு. நாலு தடவை முயன்று நாலு தடவையும் இடம் இல்லை என்று வந்திருந்தது. எல்லோரும் கேட்கட்டும் என்று அக்கா போனின் ஸ்பீக்கரைப் போட்டார்.

ஒரு பெண் எடுத்தாள். மையத்திலிருந்து பேசுகிறோம், நாளைக்குக் காலையில் அவருக்கு இடம் இருக்கிறது என்றாள் தேவிப்பிரியா.

“அவரு ஞாயித்துக்கெழமையே போயிட்டாரும்மா” என்றது அந்தக் குரல். “கூப்ட்டுச் சொன்னீங்களே, நல்லா இருங்க. அந்த எடத்த வேற யாருக்குனா குடுத்துடுங்க.”

அந்தப் பக்கம் யாரோ கூப்பிட்டார்கள். வைக்கிறேன்மா என்று அந்தப் பெண் வைத்துவிட்டாள். தினேஷ் சுவரோடு சுவராக நின்றான். எனக்கு ஞாயிற்றுக்கிழமை நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று யோசனை போயிற்று. பிரியாணி தின்றுவிட்டுத் தூங்கியிருக்கிறேன்.

“அடுத்த பேரு இன்னா?” என்றார் அக்கா. தேவிப்பிரியாவால் திரையைப் படிக்க முடியவில்லை. நான் குனிந்து படித்தேன். கவிப்பிரியா, பூந்தமல்லி, வயது பத்தொன்பது, மூன்று தடவை இடம் இல்லை. நம்பரை நானே அழுத்தினேன். அடித்துக்கொண்டே இருந்தது. ஒன்பதாவது ரிங்கில் எடுத்தார்கள், ஒரு பெண் குரல், வயதைக் கணிக்க முடியாத அளவுக்குக் களைத்த குரல். யார் பேசுவது என்று கேட்டேன்.

“கவிப்பிரியாதான்” என்றாள்.

தேவிப்பிரியா என் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டாள்.